கடல் கடந்த காகிதங்கள்: மலாயாவிலிருந்து கடிதம் வராத மூன்றரை ஆண்டுகள்

எமது கல்லூரியின் பழைய சேர்வு இடாப்புகளில் தகப்பனாரின் விலாசம் எழுதும் நிரல் ஒன்று உண்டு. 1920களிலும் 1930களிலும் சேர்ந்த மாணவியரின் பெயர்களுக்கு எதிரே அந்த நிரலில் கோலாலம்பூர், தைப்பிங், ஈப்போ, சிரம்பான், கிள்ளான், சிங்கப்பூர் ஆகிய ஊர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளை இங்கே விடுதியில். தாய் ஊரில், அல்லது தகப்பனோடு அங்கே. தகப்பன் கடலுக்கு அப்பால். இந்தக் குடும்பங்களை ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது மாதம் ஒன்றோ இரண்டோ வந்த காகிதம். அந்தக் காகிதம் 1942இன் தொடக்கத்தில் நின்று 1945இன் பிற்பகுதியில்தான் மீண்டும் வந்தது. சங்கத்தின் நூற்றாண்டில் நாம் நினைவுகூர வேண்டிய வரலாறுகளில் இதுவும் ஒன்று என்பது எமது எண்ணம். ஏனெனில் அந்தக் காகிதங்களில் பெரும்பங்கை எழுதியவர்களும் வாசித்தவர்களும் எம் முன்னோரான மாணவியரே.

மலாயாவும் யாழ்ப்பாணமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் மலாயாவில் ரயில் பாதை போட்டார்கள், காணிகளை அளந்தார்கள், திறைசேரிகளையும் தபாற் கந்தோர்களையும் மருத்துவமனைகளையும் திறந்தார்கள். அவற்றுக்கு ஆங்கிலம் படித்த எழுதுவினைஞர் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்து மிஷன் பாடசாலைகளிலும் அவற்றின் பின் எழுந்த சைவப் பாடசாலைகளிலும் படித்த இளைஞர்கள் அந்த வேலைகளுக்குப் போனார்கள். ரயில்வேயில் வேலை செய்தோர் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் பகுதிகளில் குடியிருந்தனர். அங்கே கோயில் கட்டினர், சங்கம் அமைத்தனர். ஊருக்குக் காசு அனுப்பினர். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஓலை வீடுகள் கல்வீடுகளாக மாறியதில் அந்தக் காசுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்குள்ள பாடசாலைகள் பல கட்டட நிதிக்காக மலாயாவுக்குச் சென்று பணம் திரட்டியதும் அறிந்ததே.

பிள்ளைகளின் படிப்பு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் படிப்பு, ஊரிலேதான் நடக்க வேண்டும் என்று பலர் விரும்பினர். 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலை முதல் 1913இல் தொடங்கிய இராமநாதன் கல்லூரி வரை விடுதி வசதியுள்ள மகளிர் பாடசாலைகள் இங்கே இருந்தன. அம்மம்மாவின் வீட்டிலோ விடுதியிலோ பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோர் கப்பலேறினர். விடுதிப் பணமும் படிப்புப் பணமும் மலாயாவிலிருந்து காசுக்கட்டளையாக வந்தன.

யார் எழுதினார்கள்?

பினாங்கிலிருந்து கொழும்புக்குக் கப்பல். கொழும்பிலிருந்து வடக்கே புகையிரதம். 1905இல் காங்கேசன்துறை வரைக்கும் முழுப் பாதையும் திறந்துவிட்டதால் தபால் ஒழுங்காக வந்தது. தபாற்காரரின் வரவைப் பார்த்துப் படலையில் நிற்பது அன்றைய வீடுகளின் வழக்கம்.

அக்காலக் கடிதங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. சைவக் குடும்பமாயின் மேலே பிள்ளையார் சுழியும் சிவமயமும். பிறகு இவ்விடம் யாவரும் சுகம், அவ்விடச் சுகமறிய ஆவல் என்ற வரி. அதன் பின் 'நிற்க' என்ற ஒரு சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவதே உண்மையான கடிதம். மழை பெய்ததா, புகையிலைக்கு என்ன விலை, எந்த மாடு கன்று போட்டது, யாருடைய கலியாணம் எவ்வளவு சீதனத்தோடு நிச்சயமானது, வேலிக்கு அடைத்த கூலி எவ்வளவு, ஈட்டுக் காணியை மீட்க இன்னும் எவ்வளவு வேண்டும் என்பவையெல்லாம் அங்கேதான் இருக்கும்.

கடிதம் அனுப்பிய தாய்மார் பலர் தாமே எழுதத் தெரியாதவர்கள், அல்லது எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் தெரிந்தவர்கள். ஆகவே தாய் சொல்ல, பள்ளிக்குப் போகும் மகள் எழுதினாள். வந்த கடிதத்தையும் அவளே உரத்து வாசித்தாள். அயலில் எழுதப்படிக்கத் தெரிந்த பெண்பிள்ளை இல்லாத வீட்டாரும் அவளைத் தேடி வந்தனர். எம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் பலரும் இதைத் தம் தாய்மாரிடமிருந்து கேட்டிருக்கிறார்கள். வகுப்பில் கடிதம் எழுதுதல் ஒரு பாடம். வீட்டில் அதுவே பொறுப்பு.

இந்தப் பொறுப்பினால் ஒரு மாற்றம் நேர்ந்தது. பெண்பிள்ளைக்கு முன் பேசாத விடயங்கள் அன்றைய வீடுகளில் நிறைய இருந்தன. கடன், ஈடு, சீதனப் பேச்சு, உறவினரோடு உள்ள வழக்கு ஆகியவை அவற்றுட் சில. ஆனால் கடிதம் எழுதுகிறவளுக்கு முன் அவற்றை மறைக்க முடியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே அவள் குடும்பக் கணக்கை முழுவதும் அறிந்தவளானாள். எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது, தாயின் கோபத்தை எந்தச் சொல்லில் தணித்து அனுப்புவது என்பவற்றையும் கற்றுக்கொண்டாள். பெண்கல்வியின் பயனைப் பற்றி அந்நாளைய மேடைகளில் பேசியவர்கள் இதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

காகிதம் நின்றது

1939 செப்டெம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டதும் கடிதங்கள் தணிக்கைக்கு உள்ளாயின. உறையின் ஓரத்தை வெட்டி வாசித்து, மீண்டும் தாள் ஒட்டி, தணிக்கையாளரின் முத்திரையோடு வந்து சேர்ந்தன. தாமதமானாலும் வந்தன.

1941 டிசெம்பர் 8ஆம் திகதி ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. அந்த மாதமே பினாங்கு விழுந்தது. 1942 ஜனவரி 11ஆம் திகதி கோலாலம்பூரும் பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூரும் விழுந்தன. பத்து வாரங்களுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. மலாயாவும் இலங்கையும் இப்போது போர்முனையின் இரு பக்கங்களில் இருந்தன. இடையில் தபால் இல்லை, தந்தி இல்லை, காசுக்கட்டளை இல்லை. கடைசியாக அனுப்பிய கடிதங்கள் பல, சேவை நிறுத்தப்பட்டது என்ற முத்திரையோடு அனுப்பியவரிடமே திரும்பின. தன் கையெழுத்தே தன்னிடம் திரும்பி வந்ததைக் கண்ட பிள்ளைகள் எம் பாடசாலைகளில் இருந்தார்கள்.

அப்பொழுதே பர்மாவும் விழுந்தது. இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. அது நின்றதும் அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கோதுமை மா வீட்டுக்கு வந்தது. மலாயாக் காசை நம்பிய குடும்பங்களுக்கு இது இரட்டை அடி. கூப்பன் இருந்தது, அதற்குக் கொடுக்கக் காசில்லை. விடுதிப் பிள்ளைகள் சிலர் வீடு திரும்பினர். சிலரைப் பாடசாலைகள் பணம் வாங்காமலே வைத்துக்கொண்டன. சிலருடைய படிப்பு அத்தோடு முடிந்தது.

சம்மதமும் கடிதமும்

அந்தக் குடும்பங்களின் நெருக்கடி உணவோடு நிற்கவில்லை. சட்டத்திலும் ஒரு முடிச்சு இருந்தது.

யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தோடு, திருமண உரிமைகளையும் மரபுரிமையையும் பற்றி 1911இல் ஒரு கட்டளைச் சட்டம் சேர்ந்தது. அதன்படி மணமான பெண் தன் அசையும் பொருளைத் தன் விருப்பப்படி கையாளலாம். காணியையோ வீட்டையோ, அது அவளுடைய சொந்தச் சீதனமேயாயினும், கணவனின் எழுத்து மூலமான சம்மதமில்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. சமாதான காலத்தில் மலாயாவிலிருந்து வந்த கடிதம் இந்தச் சம்மதத்தையும் சுமந்து வந்தது. கடிதம் நின்றபோது அன்பும் காசும் மட்டும் நிற்கவில்லை. ஒரு பெண் தன் பெயரிலுள்ள காணியைக் கொண்டு தன் பிள்ளைகளுக்குச் சோறு போடும் வழியும் அடைபட்டது.

சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மனைவி மாவட்ட நீதிமன்றத்தை நாடி, அவனுடைய சம்மதமில்லாமலே அனுமதி பெறலாம். ஆனால் அதற்கு அவள் மன்றின் முன் நின்று என் கணவன் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலிக்கொடியோடும், ஒவ்வொரு வெள்ளியும் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டும் இருந்த பெண்ணுக்கு அதைச் சொல்ல நா எழுமா? ஆகவே முதலில் போனவை நகைகள். காப்பு, சங்கிலி, அட்டியல் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடகுக்குப் போயின. கடைசியாகவே காணியைத் தொட்டார்கள்.

இந்த ஆண்டுகளில் வீட்டு நிர்வாகத்தைத் தனியே நடத்திய தாய்மாருக்குப் பக்கத்தில் இருந்து கணக்கெழுதியவர்கள் முன்னர் கடிதம் எழுதிய மகள்மாரே. யாரிடம் எவ்வளவு கடன், எந்தக் காணி ஈட்டில் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தகப்பனுக்கு எழுதியபோது பழகியதே தகப்பனில்லாத காலத்தில் உதவியது.

அக்கரையில் என்ன நடந்தது?

இங்குள்ளோர் அறியாதவை பல அங்கே நடந்தன. மலாயாவில் அரிசி கிடைக்காமல் மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டனர். ஜப்பானியர் அச்சிட்ட காசைத்தான் புழங்க வேண்டியிருந்தது. வாழைமரப் படம் போட்ட அந்த நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. சீயாம்–பர்மா ரயில் பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் காட்டில் மாண்டனர். 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதை 1942இன் பிற்பகுதி முதல் 1943 ஒக்டோபர் வரை ஏறத்தாழ ஓராண்டில் போடப்பட்டது. சுபாஸ் சந்திரபோஸின் இந்திய தேசிய இராணுவத்தில் ஜான்சி ராணிப் படை அமைந்தபோது யாழ்ப்பாண வம்சாவளிப் பெண்களும் அதில் சேர்ந்தனர். பின்னாளில் மலேசியாவின் கல்வியாளராகவும் பெண்ணுரிமைக்காக உழைத்தவராகவும் புகழ்பெற்ற ராசம்மா பூபாலன் அவர்களுள் ஒருவர்; பதினாறு, பதினேழு வயதிலேயே பர்மா வரை சென்றவர். இத்தகைய செய்திகள் எவையும் ஊருக்கு வர வழியில்லை.

உலகின் வேறிடங்களில், போரிடும் நாடுகளுக்கிடையே பிரிந்த குடும்பங்களுக்காக ஜெனீவாவிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் ஓர் ஏற்பாட்டைச் செய்திருந்தது. 25 சொற்களுக்குள் குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். அரசியல், போர், இடம் பற்றி ஒரு சொல்லும் கூடாது. அந்தப் போர்க்காலத்தில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட இத்தகைய செய்திகள் கைமாறின. ஜப்பானியரின் கையில் இருந்த போர்க் கைதிகளும் அரிதாக இப்படிச் சில சொற்கள் எழுதினர். ஆனால் கைதியாக இல்லாமல், மலாயாவின் தெருவில் மற்றோரைப் போலவே பசித்திருந்த இலங்கை எழுதுவினைஞருக்கு ஒழுங்கான வழி இருக்கவில்லை.

பிரிவு இலங்கைக்கும் மலாயாவுக்கும் இடையே மட்டும் நிகழவில்லை. வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். இராஜரத்தினம் அப்போது இலண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். போரினால் வீட்டுப் பணம் வருவது நின்றது. படிப்பைத் தொடர முடியாமல் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். அவரே 1965இல் சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டு அமைச்சரானார். காகிதமும் காசுக்கட்டளையும் நின்றதால் திசைமாறிய வாழ்க்கைகளில் வெளியுலகம் அறிந்தது அவருடையது. வெளியுலகம் அறியாதவை எம் விடுதிகளிலிருந்து இடைநடுவில் வீடு திரும்பிய பெண்களுடையவை.

மீண்டும் வந்தபோது

1945 ஓகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டெம்பரில் ஆங்கிலேயப் படை மலாயாவுக்குத் திரும்பியது. ஜப்பானியக் காசு வெறுந்தாளாயிற்று. அதில் சேமித்தோர் யாவற்றையும் இழந்தனர். பழைய மலாயா முத்திரைகளின் மேல் பி.எம்.ஏ. என்று இராணுவ நிர்வாகத்தின் பெயர் அச்சிட்டு விற்றார்கள். அந்த முத்திரை ஒட்டிய உறைகள் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரத் தொடங்கின.

சில வீடுகளுக்குத் தகப்பனின் கையெழுத்து வந்தது. சில வீடுகளுக்கு வேறொருவரின் கையெழுத்து வந்தது. உறையின் மேல் எழுத்தைப் பார்த்தவுடனேயே விடயம் விளங்கிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இறந்தவருக்கு அன்றுதான் அழுதார்கள்; திவசத்துக்குரிய திதியைக் கடிதத்திலிருந்து கணித்தார்கள். இங்கிருந்து போன பதில்களிலும் இதே போன்ற செய்திகள் இருந்தன. பாட்டன் போனதும், தங்கை வயதுக்கு வந்ததும், காணி ஈட்டில் மூழ்கியதும் ஒரே தாளில் எழுதப்பட்டன. அவற்றை எழுதியவள் 1941இல் சிறுமியாக இருந்தவள். இப்போது தகப்பன் அறியாத ஒரு பெண்.

அந்த ஒக்டோபர் மாதத்திலேயே இலங்கையில் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மலாயாக் காசு வந்தால்தான் மகள் படிக்கலாம் என்ற நிலை அதன்பின் படிப்படியாக மாறியது. போருக்குப் பின் எம் மாணவியர் பலர் ஆசிரியைகளாகவும் தாதியராகவும் தாமே உழைக்கத் தலைப்பட்டதற்கு இலவசக் கல்வி ஒரு காரணம். அந்த மூன்றரை ஆண்டுகளில் வீடுகள் பட்ட பாடும் இன்னொரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். ஒருவரின் கையெழுத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் இருக்கக் கூடாது என்பதைத் தாய்மார் மறக்கவில்லை.

எம் காலத்துக் காகிதங்கள்

இதை வாசிக்கும் எம் சகோதரிகள் பலருக்கு இவை பழங்கதைகளாகத் தோன்றா. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. தாள் தட்டுப்பாட்டினால் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகின. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருந்த அண்ணன்மாருக்குத் தாய் சொல்ல மகள் எழுதினாள். கிளாலியால் படகில் போவோரின் கையில் அக்கடிதங்கள் கொழும்புக்குப் போயின. காணாமற் போனோரையும் தடுப்பில் இருந்தோரையும் தேடிய குடும்பங்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவத்தில், யாரும் வாசிக்கக்கூடிய திறந்த தாளில், குடும்பச் செய்தி மட்டும் எழுதினார்கள். பாட்டிமார் காலத்தில் எமக்குக் கிட்டாத படிவம் பேத்திமார் காலத்தில் கிடைத்தது. சுகம், சுகமறிய ஆவல் என்ற பழைய வரி அதற்கு அளவாகப் பொருந்தியது.

பழைய மலாயாக் கடிதங்கள் பெரும்பாலும் அழிந்ததும் இந்தக் காலத்தில்தான். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் எழுந்து போனவர்களும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மழையில் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்த இலட்சக்கணக்கானோரும் றங்குப் பெட்டிகளைச் சுமந்து போகவில்லை. பிள்ளைகளையும் அரிசியையும் காணி உறுதிகளையும்தான் எடுத்தார்கள். பெட்டியின் அடியில் சேலைக்குக் கீழே கிடந்த கடிதக் கட்டுகள் கூரையோடும் சுவரோடும் போயின.

ஒரு வேண்டுகோள்

எஞ்சியவை மிகக் குறைவு. அவற்றை வைத்திருப்போரும் முதியவர்கள். அவர்கள் போனபின் அந்தக் கட்டு எதுவென்று வீட்டில் இருக்கும் இளையோருக்குத் தெரியாது. வீடு துப்புரவாக்கும்போது எரிந்துவிடும். ஆகவே நூற்றாண்டு ஆண்டில் சங்கம் ஒரு பணியைத் தொடங்க விரும்புகிறது. மலாயாக் கடிதமோ, இடப்பெயர்வுக் காலத்துக் கடிதமோ, செஞ்சிலுவைச் செய்தியோ உங்கள் வீட்டில் இருந்தால் எமக்கு அறியத் தாருங்கள். மூலத்தைத் தர வேண்டியதில்லை. படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். கடிதத்தை மட்டுமல்ல, உறையையும் எறியாதீர்கள். முத்திரையும் தணிக்கை அடையாளமும் திகதியும் அதில்தான் இருக்கின்றன. பிளாஸ்ரிக் தாள் ஒட்டி மூட வேண்டாம், ஒட்டுநாடாவும் வேண்டாம். யார் யாருக்கு எழுதியது என்பதை வேறொரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.

அதோடு இன்னொன்றையும் கேட்டு எழுதுங்கள். கடிதத்தின் அடியில் தாயின் பெயர் இருக்கும். அதை எழுதிய கை யாருடையது என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். அக்காவா, சின்னம்மாவா, அயல்வீட்டுப் பிள்ளையா? அவள் எந்த வகுப்பில் படித்தாள், அதன்பின் என்ன ஆனாள்? எமது கல்லூரியின் வரலாற்றில் அதிபர்களின் பெயர்களும் கட்டடங்களின் ஆண்டுகளும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன. கடிதங்களை எழுதிய இந்தப் பெண்களின் பெயர்களை எழுதுவது இனி எம்முடைய வேலை.